வாங்கிய வீட்டில் உடைந்த கழிவுக் குழாய்: முதலில் குடிதண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, பாலக்கோடு வட்டத்தில் 25 வருடப் பழைய தார்சு வீடு ஒன்றை ஆவணியில் கிரயம் செய்தோம். வெள்ளையடித்து, தரைக்கு டைல்ஸ் போட்டு, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஐப்பசி மழை பிடித்த பிறகு கக்கூஸில் தண்ணீர் ஊற்றினால் குளியலறைத் தரைத் துவாரத்தில் குமிழி விடுகிறது. சமையலறைக்குப் பின்சுவர் ஓரம் எப்போதும் ஈரம், நாற்றம். பிளம்பர் ஓரிடத்தில் தோண்டிப் பார்த்தார். பழைய மண் குழாய் நசுங்கி, மூட்டு விட்டு, கழிவெல்லாம் மண்ணிலேயே இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் குழாய் சமையலறைக்கு அடியில் போகிறதாம். செப்டிக் டேங்கிலிருந்து எங்கள் போர் 12 அடி தூரத்தில்தான் இருக்கிறது. ஒகேனக்கல் தண்ணீர் பிடித்து வைக்கும் சம்ப்பும் அதே பக்கம். "ஆள் வச்சு டேங்க்ல இறங்கி வாரிட்டா சரியாயிடும், உடைஞ்ச இடத்துல சிமென்ட் போட்டு அடைச்சுக்கலாம்" என்கிறார் என் மைத்துனர். விற்றவர் இப்போது பெங்களூரில் இருக்கிறார். "நாங்க இருந்தப்ப ஒண்ணுமே இல்லம்மா" என்று போனை வைத்துவிட்டார். வீட்டில் மாமியாரும் ஒன்றரை வயதுப் பாப்பாவும் இருக்கிறார்கள். குழாயை ஒட்டினால் போதுமா, முழுக்க மாற்ற வேண்டுமா? செலவை விற்றவரிடம் கேட்க வழி உண்டா?
— வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: சகோதரி, நீங்கள் கேட்டது குழாயைப் பற்றி. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது அந்த 12 அடி தூரமும் சம்ப்பும்தான். குழாயைப் பிறகு பார்ப்போம். இந்தப் பதிலைப் படித்த நேரத்திலிருந்து போர் தண்ணீரையும் அந்தச் சம்ப்புத் தண்ணீரையும் குடிக்க, சமைக்க, பல் துலக்க, பாப்பாவின் பால் பாட்டில் கழுவப் பயன்படுத்தாதீர்கள். தெருக் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வரும்போது நேராகக் குடத்தில் பிடித்து, நன்றாகத் தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடியுங்கள். குழாய் வேலை முடிந்து, தண்ணீர்ப் பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை இப்படித்தான்.

இவ்வளவு அவசரமாகச் சொல்வதற்கு உங்கள் ஊரின் நிலமே காரணம். ஆற்றுப் படுகை ஊர்களில் ஆழமான மணலும் வண்டலும் இருக்கும். அதன் வழியே கழிவுநீர் மெல்ல இறங்கும்போது கிருமிகளில் பெரும்பகுதி மண்ணிலேயே தங்கி மடிந்துவிடும். தருமபுரி மாவட்டம் அப்படியில்லை. மேலே கொஞ்சம் செம்மண், அதற்குக் கீழே உடைந்த, மட்கிய பாறை, அதற்கும் கீழே கடினப் பாறை. உங்கள் போரில் வரும் தண்ணீர் அந்தப் பாறையின் வெடிப்புகளில் ஓடிவருகிற தண்ணீர். வெடிப்பு எதையும் வடிகட்டாது. மேலே கழிவுநீர் ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்துவிட்டால், மழைக்காலத்தில் அது வெகு சீக்கிரம் போரில் வந்து சேர்ந்துவிடும். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாகவும் வாசனை இல்லாமலும் இருக்கலாம். அதை வைத்து நல்ல தண்ணீர் என்று முடிவுகட்ட முடியாது.

"எங்க ஊர் போர் தண்ணியில ஃபுளோரைடு, அதை யார் குடிக்கிறாங்க?" என்று உங்கள் பக்கத்தில் பலரும் சொல்வார்கள். உண்மைதான். பற்களில் மஞ்சள் கறையும் எலும்பு வலியுமாக அவதிப்பட்ட ஊர்களுக்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-இல் அது நடைமுறைக்கு வந்ததிலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வீடுகளில் குடிக்கிற தண்ணீர் வேறு, புழங்குகிற தண்ணீர் வேறு என்று ஆகிவிட்டது. ஆனால் புழங்குகிற தண்ணீரில்தான் அரிசி களைகிறோம், தட்டு கழுவுகிறோம், குழந்தையைக் குளிப்பாட்டுகிறோம். குளிக்கிற குழந்தை வாயைத் திறந்து ஒரு மடக்காவது குடிக்காமல் இருக்காது. டைபாய்டும் மஞ்சள் காமாலையும் வருவதற்கு அந்த ஒரு மடக்கு போதும்.

குடிக்கிற தண்ணீரும் தப்பிவிட்டது என்று சொல்ல முடியாது. முறை வைத்து வருகிற ஒகேனக்கல் தண்ணீரைச் சம்ப்பில்தான் சேமிக்கிறீர்கள். பழைய சம்ப்பு தரைக்குக் கீழே செங்கல் வைத்துப் பூசியது. சம்ப்பு நிறைந்திருக்கும்போது தண்ணீர் உள்ளிருந்து வெளியே தள்ளும். நாலு நாள் தண்ணீர் வராமல் சம்ப்பு அடிமட்டத்துக்குப் போகும்போது, வெளியே தேங்கிய கழிவுநீர் மயிரிழை வெடிப்பு வழியாக உள்ளே தள்ளும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சம்ப்பைக் காலி செய்து உலரத் துடைத்துவிட்டு, உள்ளே இறங்காமல், மேலிருந்து டார்ச் அடித்து ஒரு நாள் கவனியுங்கள். பக்கச் சுவரில் எங்காவது ஈரம் பூத்து வழிந்தால் அந்த இடத்தில் வெடிப்பு இருக்கிறது. பிறகு நிரப்பி, இழுக்கிற மோட்டாரையும் வருகிற குழாயையும் நிறுத்தி, மட்டத்தில் ஒரு கோடு போட்டு மறுநாள் பாருங்கள். கோட்டிலிருந்து இறங்கியிருந்தால் சம்ப்புக்கும் பூச்சு வேலை காத்திருக்கிறது.

1854-இல் லண்டனில் பிராட் தெரு என்ற இடத்தில் காலரா பரவி 616 பேர் இறந்தார்கள். அந்தத் தெருவின் கைப்பம்புத் தண்ணீர்தான் காரணம் என்று ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் சொன்னதும், பம்பின் கைப்பிடியைக் கழற்றியதும் மருத்துவ மாணவர்கள் எல்லாரும் படிக்கிற கதை. அந்தப் பம்புக் கிணற்றுக்குள் கழிவு எப்படிப் போனது என்பது அடுத்த ஆண்டுதான் தெரியவந்தது. 40-ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தைக்குப் பேதி. அதன் துணிகளை அலசிய தண்ணீரை வீட்டின் முன்னால் இருந்த கழிவுத் தொட்டியில் ஊற்றினார்கள். தோண்டிப் பார்த்தபோது அந்தத் தொட்டியின் செங்கல் கட்டும் வடிகாலும் சிதைந்து கிடந்தன. அங்கிருந்து கிணற்றுக்கு இருந்த இடைவெளி மூன்றடிகூட இல்லை. ஒரே ஒரு வீட்டின் சிதைந்த கழிவுத் தொட்டியும் வடிகாலும் ஒரு தெருவையே காலி செய்தன. உங்கள் வீட்டிலும் இப்போது கழிவு மண்ணுக்குள்தான் போய்க்கொண்டிருக்கிறது. போர் 12 அடியில் இருக்கிறது.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் போர் தண்ணீர், சம்ப்புத் தண்ணீர் இரண்டையும் தனித்தனியாகக் கொடுங்கள். "ரசாயனப் பரிசோதனை மட்டுமில்லை, கிருமிப் பரிசோதனையும் வேணும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு நீங்கள் கொண்டுபோகிற பழைய குளிர்பான பாட்டில் ஆகாது. சுத்தப்படுத்திய பாட்டிலை அவர்களிடமே கேட்டு வாங்கி, காலையில் பிடித்து, ஐஸ் வைத்த பையில் அன்றே சேர்த்துவிட வேண்டும். 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதுதான் நம் நாட்டின் குடிநீர்த் தரம். ஒன்று இருந்தாலும் கழிவு கலந்திருக்கிறது என்றே பொருள். போர் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். ஆகவே கொதிக்கவைத்த போர் தண்ணீர் குடிதண்ணீருக்கு மாற்று ஆகாது.

அடுத்து உங்கள் மைத்துனர் சொன்னது. அவரை உட்காரவைத்து நிதானமாகச் சொல்லுங்கள்: செப்டிக் டேங்கில் ஆளை இறக்கக் கூடாது. கயிறு கட்டியும் கூடாது, மூடியை ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்த பிறகும் கூடாது, "அவருக்குப் பழக்கம்" என்றாலும் கூடாது. உள்ளே தங்கியிருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடியதும் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "இப்ப நாத்தம் இல்ல, இறங்கலாம்" என்று நினைக்கிற அந்த நேரம்தான் ஆபத்தின் உச்சம். மேலே மிதக்கும் ஆடையைக் கலைத்ததும் அடியில் அடைபட்ட வாயு மொத்தமாகக் கிளம்பும். இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் விழ, இப்படி ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் இறந்த செய்திகளை நாம் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். 1993-இலிருந்து பதிவான இத்தகைய மரணங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. சட்டங்களும் தீர்ப்புகளும் வந்த பிறகும் இது தொடர்வது நம் எல்லோருக்கும் அவமானம்.

மனிதர்களைக் கொண்டு கழிவகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆபத்தான துப்புரவு வேலைக்கு யாரும், நேரடியாகவோ மறைமுகமாகவோ, ஆளை அமர்த்தக் கூடாது என்கிறது. 'யாரும்' என்பதில் வீட்டுக்காரரும் அடக்கம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்ச ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 30 லட்ச ரூபாயாக உயர்த்தியது. இந்தத் தொகைகளைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. உங்கள் புது வீட்டில் வேலைக்கு வருகிறவரும் ஒரு வீட்டின் பிள்ளை என்பதற்காகவே சொல்கிறேன்.

14420 என்ற எண்ணுக்கோ உங்கள் உள்ளாட்சி அலுவலகத்துக்கோ பேசி, உரிமம் உள்ள கழிவுநீர் லாரியை வரவழையுங்கள். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று டிரைவரிடம் கேளுங்கள். ஏரிக்கரையோ ஓடையோ என்றால் அவரை அனுப்பிவிடுங்கள். ஒகேனக்கல்லுக்குப் போகிற சின்னாறு உங்கள் வட்டத்தின் ஊடாகத்தான் ஓடுகிறது. டேங்க் காலியானதும் உள்ளே பினாயில், ஆசிட் எதுவும் ஊற்ற வேண்டாம். கழிவைச் செரிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் அதில் செத்துவிடும்.

தோண்டிய குழியை மூடுவதற்கு முன்னால் விற்றவர் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன், ஏனென்றால் மூடிவிட்டால் சாட்சி போய்விடும். உடைந்த குழாய், ஈரச் சுவர், சேம்பர் எல்லாவற்றையும் தேதியோடு படமும் வீடியோவும் எடுங்கள். உடைந்த குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து வையுங்கள். குறிப்பாகப் பார்க்க வேண்டியது பழைய ஒட்டு வேலை. மண் குழாயின் மூட்டில் புதுச் சிமென்ட் அப்பியிருக்கிறதா? சேம்பர் மூடி மேலேயே டைல்ஸ் ஒட்டி மறைத்திருக்கிறார்களா? அந்த வீட்டுக்குப் போன வருடம் எத்தனை தடவை கழிவுநீர் லாரி வந்தது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். விற்றவருக்குக் குறை தெரியும் என்பதற்கு இவைதான் ஆதாரம்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆவது பிரிவில் இதைப் பற்றிப் பேசுகிறது. விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை எதுவாயிருந்தாலும் அதை விற்பவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடியாகவே கருதப்படும். தரைக்குள் புதைந்த குழாய் கண்ணுக்குத் தெரியாத குறைதான். ஆனால் "அவருக்குத் தெரியும்" என்பதை நிரூபிக்கும் பாரம் உங்கள்மேல் விழும். கிரயப் பத்திரத்தில் "உள்ளது உள்ளபடி" போன்ற வாசகம் இருக்கிறதா என்பதையும் வழக்கறிஞர் பார்க்க வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று சிலர் சொல்வார்கள். தனி ஆள் தான் குடியிருந்த பழைய வீட்டை விற்றால் அது நுகர்வோர் வழக்கில் நிற்பது கடினம். கட்டி விற்கும் நிறுவனத்திடம் வாங்கிய புது வீடு என்றால் கதை வேறு. அங்கே இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவான திட்டமாக இருந்தால், வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் சொல்லப்படும் கட்டுமானக் குறையை 30 நாளில் தன் செலவில் சரிசெய்துதர வேண்டியது அந்த நிறுவனத்தின் கடமை.

உங்கள் நிலையில் நான் செய்யச் சொல்வது இதுதான். படங்களையும் பிளம்பர் எழுதித்தரும் மதிப்பீட்டையும் இணைத்து, செலவில் பங்கு கேட்டு, விற்றவருக்கு ஸ்பீட் போஸ்டில், பதிவு வசதியோடு, ஒரு கடிதம் அனுப்புங்கள். கோபம் வேண்டாம், விவரம் மட்டும் போதும். பதில் வராவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவை அணுகுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், பெண்களுக்கு அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. இது நிறைய பேருக்குத் தெரிவதில்லை. வழக்குப் போடும் முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டுச் சமரசம் பேசும் வழியும் அங்கே இருக்கிறது. சிவில் வழக்கு என்று இறங்கினால் வருடக்கணக்கில் இழுக்கும். குழாய் மாற்றும் செலவைவிட வழக்குச் செலவு கூடிவிடலாம். எப்படியானாலும் பணம் வரட்டும் என்று குழாய் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி குழாய். சிமென்ட் போட்டு அடைப்பது வீண் செலவு. 25 வருடம் முன்பு பதித்த மண் குழாய், இரண்டு மூன்று அடித் துண்டுகளாக வரும். 40 அடி ஓட்டத்தில் பதினைந்து இருபது மூட்டுகள். ஒரு மூட்டு விட்ட இடத்தில் மண் கரைந்து, அடுத்த துண்டு தொங்கி, அடுத்த மூட்டும் விட்டிருக்கும். உங்கள் மாவட்டத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. பள்ளம் வெட்டும்போது ஓரிடத்தில் பாறை தட்டும். செதுக்கச் சோம்பல்பட்டு அதன்மேலேயே குழாயை உட்காரவைப்பார்கள். அதற்கு அடுத்த பகுதி நிரப்பு மண். மழையில் மண் இறங்கும், பாறை இறங்காது. குழாய் அந்த விளிம்பில்தான் முறியும். அதன்மேல் தண்ணீர் டேங்கர் லாரியோ செங்கல் லாரியோ ஏறினால் கேட்கவே வேண்டாம்.

முழு ஓட்டத்தின் நிலையைத் தெரிந்துகொள்ளக் கேமரா தேவையில்லை. இரண்டு சேம்பர்களுக்கு நடுவே குழாய் நேராகப் போகிறதென்றால், ஒரு சேம்பரில் டார்ச்சை வைத்து, அடுத்த சேம்பரில் சாய்த்துப் பிடித்த கண்ணாடியில் பாருங்கள். பௌர்ணமி நிலா மாதிரி முழு வட்டமாக ஒளி தெரிந்தால் குழாய் நேர். பிறை மாதிரி தெரிந்தால் நடுவில் தொய்ந்திருக்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் அடைப்பு அல்லது முறிவு. பிறகு கீழ்ப்பக்கச் சேம்பரில் குழாய் வாயை அடைத்து, மேல் சேம்பர் வரை நல்ல தண்ணீர் நிரப்பி, சாக்பீஸால் கோடு போட்டு அரை மணி நேரம் விடுங்கள். கோட்டிலிருந்து தண்ணீர் இறங்குகிற பகுதி எல்லாம் ஒழுகுகிற பகுதி. இதையெல்லாம் குனிந்து மேலிருந்தே செய்யலாம், யாரும் எதற்குள்ளும் இறங்க வேண்டியதில்லை.

குமிழி விடுவது குழாயால் மட்டும் இல்லாமலும் இருக்கலாம். லாரி வந்து டேங்கை உறிஞ்சிய பிறகும் குமிழி நிற்காவிட்டால் குற்றம் குழாயில். உறிஞ்சியதும் நின்று, சில வாரத்தில் திரும்ப வந்தால் டேங்கிலிருந்து நீர் வெளியேறும் உறிஞ்சுகுழி அடைபட்டிருக்கிறது. பாறை மேட்டில் தோண்டிய உறிஞ்சுகுழி மழைக்காலத்தில் நீரை வாங்காது. உங்கள் வீட்டில் ஐப்பசியில் தொடங்கியதைப் பார்த்தால் இரண்டும் சேர்ந்திருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

சமையலறைத் தரையை உடைக்காதீர்கள். அடியில் போகிற பழைய குழாயை அப்படியே கைவிட்டு, வீட்டுக்கு வெளியே சுவரை ஒட்டிப் புது ஓட்டம் போடுங்கள். கைவிட்ட குழாயின் இரண்டு வாயையும் கான்கிரீட் வைத்து அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பெருச்சாளிக்கும் கரப்பானுக்கும் அது ராஜபாட்டை. புது ஓட்டத்துக்கு 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய். கடையில் 'எஸ்.டபிள்யூ.ஆர்.' என்று கேட்டால் இரண்டு வகை காட்டுவார்கள். ஏ வகை மழைநீருக்கும் காற்றுக் குழாய்க்கும் உரியது, சுவர் மெல்லியது. கழிவுக்கு பி வகை. தரைக்குள் பதிக்கவே தனியாகச் செய்த, ஐ.எஸ். 15328 முத்திரை போட்ட குழாய் கிடைத்தால் இன்னும் நல்லது. விலை வித்தியாசத்தைப் பார்த்து ஏ வகையைப் புதைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். குழாயின் மேல் அச்சிட்டிருப்பதை நீங்களே படித்துப் பார்த்து வாங்குங்கள்.

சரிவு 40 அடிக்கு 1 அடி. ரசமட்டம் மட்டும் வைத்துக் கண்ணால் பார்த்துப் போடாமல், டியூப்பில் தண்ணீர் நிரப்பி மட்டம் எடுக்கச் சொல்லுங்கள். பாறை தட்டிய இடத்தில் நாலு அங்குலம் கூடுதலாகச் செதுக்கி, மணல் பரப்பி, அதன்மேல்தான் குழாய் உட்கார வேண்டும். வண்டி ஏறும் இடத்தில் சுற்றிலும் கான்கிரீட். நேர் முழங்கை திருப்பம் எங்கும் கூடாது, இரண்டு 45 டிகிரி பெண்டு வைத்துத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சேம்பர், அதன் அடியில் அரைவட்ட வாய்க்காலாகப் பூச்சு. காற்றுக் குழாயை மொட்டை மாடிக்கு மேலே ஆளுயரம் ஏற்றி, வாயில் கொசுவலை கட்டுங்கள். மாடி மழைநீர்க் குழாயை மட்டும் இதில் சேர்க்கவே கூடாது. ஒரு நல்ல மழை போதும், டேங்க் நிரம்பி வழிய.

சமையலறை, குளியலறைத் தண்ணீரைத் தனியாகப் பிரித்து வாழை, தென்னைப் பாத்திக்கு விட முடிந்தால் டேங்குக்குப் போகிற நீர் பாதிக்கும் மேல் குறையும். போருக்கு எதிர்ப்பக்கமாக விடுங்கள். உங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இருந்தால் உள்ளாட்சியில் மனு கொடுத்து இணைப்பு வாங்கிவிடுவதே மேல். இல்லையென்றால் தெருவோர மழைநீர்க் கால்வாயில் கொண்டுபோய்ச் செருகிவிடாதீர்கள். அது அடுத்த வீட்டுச் சம்ப்புக்கும் ஊர் ஏரிக்கும்தான் போகும்.

பள்ளத்தை மூடும் முன் முன்பு சொன்ன அதே தண்ணீர்ச் சோதனையைப் புதுக் குழாயில் செய்ய வேண்டும். அரை மணி நேரம் கோடு இறங்காமல் நின்ற பிறகே மண் தள்ள வேண்டும், அதன் பிறகே பிளம்பருக்குக் கடைசித் தவணை. இதை வேலை பேசும்போதே சொல்லிவிட்டால் மனத்தாங்கல் வராது. திறந்த பள்ளத்தில் டேப்பை நீட்டிப் படம் எடுத்து, சுவரிலிருந்து எத்தனை அடியில், எவ்வளவு ஆழத்தில் குழாய் போகிறது என்று ஒரு தாளில் வரைந்து கிரயப் பத்திரத்தோடு வையுங்கள்.

கடைசியாக அந்த 12 அடி. ஐ.எஸ். 2470 என்ற தர விதி, உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே குறைந்தது 18 மீட்டர், அதாவது ஏறக்குறைய 60 அடி இருக்க வேண்டும் என்கிறது. பாறை வெடிப்புள்ள இடத்தில் அதுவும் போதாமல் போகலாம். உங்கள் மனையில் 60 அடி கிடைக்காது என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் டேங்க் காலியாக இருக்கும்போதே வெளியிலிருந்து பார்த்து, அடி பூசாத உறை இறக்கிய குழியா, நாலு பக்கமும் அடியும் பூசிய தொட்டியா என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர்ப்பக்கம் செப்டிக் டேங்க் என்று சொல்லப்படுவதில் பாதி வெறும் உறைக் குழிதான். உறைக் குழி என்றால் அதை ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற முயலாமல், மனையின் எதிர் மூலையில் நீர் ஒழுகாத புதுத் தொட்டியும் அதற்கப்பால் உறிஞ்சுகுழியும் கட்டுவதே சரி. போரின் கேசிங் குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சிமென்ட் கலவையால் அடைத்து, தரைக்கு மேல் ஓரடி உயர்த்தி, சுற்றிலும் சரிவான மேடை கட்டுங்கள். மேல்மழை கேசிங் ஓரமாக வழிந்து இறங்குவது அதில் நிற்கும்.

சம்ப்பைப் பூசிக் காய்ந்த பிறகு நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 கிராம் கணக்கில் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிந்த நீரை ஊற்றி, 12 மணி நேரம் விட்டு முழுக்க இறைத்துவிடுங்கள். இறைத்த தண்ணீர் செப்டிக் டேங்குக்கும் வேண்டாம், செடிக்கும் வேண்டாம். அதன் பிறகு அன்றாடம் 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம் போதும். போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம்.

இவ்வளவும் முடிந்து ஒரு மாதம் கழித்து ஒரு பரிசோதனை, அடுத்த மழைக்காலத்தில் இன்னொன்று. சம்ப்புத் தண்ணீர் இரண்டிலும் தேறினால் பழையபடி பயன்படுத்துங்கள். போர் தண்ணீர் இரண்டிலும் தேறினாலும் அது கக்கூஸுக்கும் செடிக்கும் வாசல் தெளிக்கவும் மட்டும் இருக்கட்டும். ஃபுளோரைடும் இருக்கிற ஊரில், கழிவுத் தொட்டிக்கு 12 அடியில் இருக்கிற போரிலிருந்து பாப்பாவுக்கு ஒரு டம்ளர்கூடக் கொடுக்காதீர்கள்.